தோற்றவன் பூசை

சோளம் இன்னும் அறுக்காமல் நின்றது.

நவம்பர் மூன்றாவது வாரம் ஆகிவிட்டது. செயின்ட் ஆல்பன் ஊரைச் சுற்றி எல்லாருடைய காடும் மொட்டையாகி, விதைத்த கோதுமை விரல் நீளத்துக்குப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. வெர்லின் லைக்கரின் வடக்குக் காட்டில் மட்டும் சோளக்கதிர் செம்பழுப்பாகக் காற்றில் உரசி உரசிச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றது. காட்டு வாத்து இறங்கித் தின்றது. மான் வந்து தின்றது. வெர்லின் சமையலறை ஜன்னலில் நின்று காப்பியைக் குடித்தபடி அவை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாட்டுக்கு உப்புக் கட்டி வாங்கக் கூட்டுறவுக் கிடங்குக்குப் போன ரோசாலியாவை எடைமேடைக்காரர் எல்ராய் பிடித்துக்கொண்டார்.

"என்ன ரோஸி, வீட்டுக்காரருக்கு உடம்புக்கு முடியலையா?"

"அந்த மனுசனுக்கு என்ன? காலையில ரெண்டு கறி ரொட்டிய முழுசா முழுங்கிட்டு ரேடியோவத் திட்டிக்கிட்டு இருக்கு."

"பின்ன ஏன் சோளம் நிக்குது? மேட்ச்சுக்கு முந்தி அறுத்துக் கொண்டாந்து கொட்டலைன்னா லைக்கர் வீட்டு ஆம்பளைக்குத் தூக்கம் வராதே."

"எந்த மேட்ச்சுக்கு முந்தி?" என்றாள் ரோசாலியா.

எல்ராய் தொப்பியைக் கழற்றி உள்பக்கம் எதையோ தேடுவதுபோலப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அதுவுஞ் சரிதான். டன்மோர்க்காரன் கூட்டணி தாவுனதுல நம்ம சோளமும் சேந்து போச்சு. கட்சி மாறுறவனுக்குக்கூட மூஞ்சில கொஞ்சம் கூச்சம் இருக்கும் ரோஸி. இவனுக பேண்டு வச்சுல்ல கொண்டாடுனானுக!"

"உப்பத் தூக்கி வண்டியில வை எல்ராய். மழை வர்ற மாதிரி இருக்கு."

"மழை இல்ல, பனி. சனிக்கிழமை விழும்னு சொல்றான். முந்தியெல்லாம் அந்தச் சனிக்கிழமை பனின்னு சொன்னா ஊரே போயி ரேடியோக்காரன அடிச்சிருக்கும்." உப்புக் கட்டியை வண்டிக்குள் போட்டார். "இப்ப என்ன, விழுந்தா விழட்டும்."

நன்றித் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை. அந்தப் பக்கத்தில் அந்த ஒரு நாளை வைத்துத்தான் மாசம் ஓடியது. அதற்குள் சோளம் கிடங்குக்குப் போகவேண்டும், கன்றுகளைத் தாயிடமிருந்து பிரிக்கவேண்டும், குளிருக்குக் குழாய்களைச் சுற்றிக் கட்டவேண்டும். அன்றைக்கு ஸ்டேட் காலேஜும் டன்மோர் யுனிவர்சிட்டியும் ஃபுட்பால் ஆடும். ஸ்டேட் பச்சை, டன்மோர் சிவப்பு. ஜெயித்தவர்களுக்குப் பழைய இரும்புக் கலப்பைக் கொழு ஒன்று ஒரு வருஷத்துக்குச் சொந்தம். ரோசாலியாவின் தாத்தா காலத்துக்கும் முன்னால் தொடங்கிய மோதல் அது.

பத்துப் பன்னிரண்டு காலேஜுகள் சேர்ந்து ஒரு கூட்டணி. கூட்டணிக்குள் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் ஆடித்தான் ஆகவேண்டும். அதனால்தான் அந்த மேட்ச் நிற்காமல் நடந்துவந்தது. டிவிக்காரர்கள் பணம் காட்டினார்கள் என்று டன்மோர் எழுந்து மேற்குக் கடற்கரைக் கூட்டணிக்குப் போய்விட்டது. ஸ்டேட்டை யாரும் கூப்பிடவில்லை. அது மலைப்பக்கத்துக் காலேஜுகளோடு ஒட்டிக்கொண்டது. இரண்டுக்கும் தேதி ஒத்துவரவில்லை என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

வெர்லினும் அவர் தம்பி கில்பர்ட்டும் அந்த இரண்டில் எதிலும் படித்தவர்கள் அல்ல. வெர்லின் பள்ளிக்கூடத்தை விட்டு டிராக்டரில் ஏறியவர். எழுபது தாண்டியும் இறங்கவில்லை. கில்பர்ட் பிழைக்க டன்மோர் போய், யுனிவர்சிட்டி விடுதிகளின் கொதிகலன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருந்தாலும் அண்ணன் பச்சை, தம்பி சிவப்பு. மேட்ச் அன்று இரண்டு வண்டிகளையும் மைதானத்துப் புல்லில் முதுகோடு முதுகாக நிறுத்தி, பின்கதவைத் திறந்து போட்டு, நடுவில் சில்லிக் குழம்புச் சட்டியை வைத்துவிட்டால் வாய் ஓயாது.

"உங்க உதைகாரனுக்கு அந்தக் கால எங்கடா வாங்குனீங்க, கன்னுச் சந்தையிலயா?"

"உங்க கோச்சு இன்னிக்கும் தூங்கி எந்திரிச்ச மூஞ்சியோட வந்திருக்கான் பாரு அண்ணே. எழுப்பி விடுங்க, ஆட்டம் முடிஞ்சிரப் போகுது."

"சிரிடா. நாளைக்கி எங்க கோயில் முன்வரிசையில ஒக்காரும்போதும் சிரி."

முன்வரிசை என்றது சும்மா இல்லை. அவர்கள் அப்பா தொடங்கி வைத்த கேலி அது. தோற்றவன் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தவன் ஊர்க் கோயிலுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து முழுப்பூசை காணவேண்டும். பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும், ஜெயித்தவன் தன் நிறத்துத் தொப்பியைத் தோற்றவன் கையில் கொடுப்பான். அதை மாட்டிக்கொண்டு நின்று ஊர்க்காரர் எல்லாருக்கும் கை கொடுக்கவேண்டும். தொப்பி வீட்டுக்கு வந்துவிடும். வெர்லின் வீட்டுப் பின்கட்டு ஆணியில் சிவப்புத் தொப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. தோற்றவன் பூசை என்று அதற்குப் பெயர். இரண்டு ஊர்ச் சாமியார்களும் அந்த ஞாயிறுக்கென்றே பிரசங்கத்தில் ஒரு குத்தல் வைத்திருப்பார்கள்.

அப்பா செத்தபோது செயின்ட் ஆல்பன் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். ஒரே கல்லில் இரண்டு பெயர்களை வெட்டினார்கள்: அப்பா பெயரும் தேதியும், பக்கத்தில் அம்மா பெயர், தேதிக்கு மட்டும் இடம் விட்டு. அம்மா அதற்குப் பிறகு டன்மோரில் கில்பர்ட் வீட்டில் இருந்தாள். ஒரு ஜனவரியில், மாவட்டமே பனியில் மூடிக் கிடந்தபோது, அங்கேயே செத்துப்போனாள். கில்பர்ட் போன் பண்ணினார். ரோடு எப்போது திறக்கும் என்று தெரியவில்லை அண்ணே, இங்கேயே அடக்கம் பண்ணிவிடலாம் என்கிறார் சாமியார் என்றார். வெர்லின் பனியை வெட்டி வண்டியை வெளியே எடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அம்மா மண்ணுக்குள் இருந்தாள்.

வெர்லின் அன்றைக்கே திரும்பினார். வீட்டுக்கு வரும் வழியில், "அம்மாவ அவன் ஊரிலேயே வச்சுக்கிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. தானாக அந்தக் கல்லறைப் பக்கம் போகமாட்டார். ஆனால் ஸ்டேட் தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில், டன்மோர் கோயில் வாசலில் சிவப்புத் தொப்பியோடு எல்லாருடைய கேலியையும் வாங்கிக்கொண்ட பிறகு, "கால் மரத்துப்போச்சு, ஒரு சுத்து நடந்துட்டு வர்றேன்" என்பார். கோயிலுக்குப் பின்னால் போவார். ரோசாலியா வண்டிக்குள் உட்கார்ந்து பார்ப்பாள். அம்மா கல்லுக்கு முன்னால், தலையில் அந்தச் சனியன் பிடித்த தொப்பியோடு, கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெகுநேரம் நிற்பார். கில்பர்ட் அந்த நேரத்தில் வேண்டுமென்றே யாரிடமாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டு முன்வாசலிலேயே இருந்துவிடுவார்.

டன்மோர் தோற்ற வருஷங்களில் கில்பர்ட் இங்கே வந்து அப்பா கல்லுக்கு முன்னால் அதேபோல நிற்பார். அண்ணனும் தம்பியும் அதைப் பற்றியும் பேசிக்கொண்டதில்லை.

ஸ்டேட் அடிக்கடி தோற்கும் அணி. அது போதாதென்று ரோசாலியாவும் தன் பங்குக்குச் செபம் பண்ணினாள். மனசு உறுத்தி ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டாள்.

"சாமி, நம்ம ஸ்டேட் தோக்கணும்னு நான் செபம் பண்ணுறேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. சாமியார் வீட்டு நாய்க்குக்கூடப் பச்சைக் கழுத்துப்பட்டைதான்.

"எத்தன தடவ?"

"வருசா வருசம் சாமி."

"அதான பாத்தேன்," என்றார் சாமியார். ஒரு முழு செபமாலை சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். அடுத்த நவம்பரிலும் செபம் பண்ணினாள்.

கடைசி மேட்ச் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நடந்தது. இதோடு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ரோசாலியா அந்த வாரம் முழுக்க முட்டி தேய முழங்காலில் நின்றாள். இந்த ஒருமுறை, கடைசி ஒருமுறை, எங்கள் பையன்கள் தோற்கட்டும் ஆண்டவரே. ஆட்டம் முடிகிற நேரத்தில் ஸ்டேட் பையன் உதைத்த பந்து கம்பத்தில் பட்டு, வெளியே போவதா உள்ளே விழுவதா என்று யோசித்து உள்ளே விழுந்தது. மைதானமே எழுந்து குதித்தது. வெர்லின் முன்னே பின்னே தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார். ரோசாலியா உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள்.

"ஆனந்தக் கண்ணீரப் பாரு!" என்று பக்கத்து இருக்கைக்காரி அவள் தோளைத் தட்டினாள்.

மறுநாள் கில்பர்ட் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பச்சைத் தொப்பி போட்டு, அப்பா கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டுக் கிளம்பினார். "கடைசியா என்னையத்தான் வர வச்சுட்ட அண்ணே," என்றார்.

"அடுத்த வருசம் பாத்துக்கலாம்டா." பழக்கத்தில் வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை.

அடுத்த வருஷம் அந்தச் சனிக்கிழமை போன் வரவும் இல்லை, போகவும் இல்லை. இந்த வருஷம் வசந்தத்தில் டாக்டர் வெர்லினின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்றார். கோடையில் ஒருநாள் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தி, "அங்க அம்மா பக்கத்துல புல்லு வெட்டியிருப்பானுகளா?" என்றார். ரோசாலியா குறடைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போயிப் பாத்துட்டு வரலாமே," என்றாள்.

"எதுக்கு?" என்று மறுபடி கம்பியை இழுத்தார்.

அதனால்தான் அந்த வாரம் அவள் ஓரகத்தி நோரீனுக்குப் போன் பண்ணினாள். வெர்லின் மாட்டுக் கொட்டகையில் இருந்தார்.

"நோரீன், சனிக்கிழமை மதியம் ரெண்டு பேரும் வாங்க. சாப்பிட."

"என்ன அக்கா விசேசம்?"

"சாப்பிடக் கூப்புட்டா விசேசம் கேக்குறவள இப்பத்தான் பாக்குறேன்."

"இல்ல, மேட்ச்சுதான் இல்லியே..."

"மேட்ச்சு இல்லைன்னா வயிறு இல்லையா உங்களுக்கு?"

நோரீன் சிரித்தாள். "வயிறெல்லாம் இருக்கு. இவரு சனிக்கிழமையானா கட்டிப்போட்ட நாய் மாதிரி வீட்டச் சுத்திச் சுத்தி வர்றாரு அக்கா. எங்க மேட்ச்சு ராத்திரி சாப்பாட்டுக்கெல்லாம் அப்புறந்தான் ஆரம்பிக்குது. கடற்கரையில அப்பத்தான் சாயங்காலமாம். மொதப் பாதியிலயே கொறட்ட விட்டுர்றாரு."

"பெரிய எடத்துக்குப் போனா முழிச்சுத்தான் இருக்கணும்."

"யாரு போனா? நாங்க இங்கயேதான் இருக்கோம்."

ரோசாலியா குரலைத் தணித்தாள். "இன்னொண்ணு கேளு. சாப்பிட்டு முடிச்சதும், நாளைக்கி டன்மோர்ப் பூசைக்கு வாண்ணேன்னு கில்பர்ட்ட ஒரு வார்த்தை கூப்பிடச் சொல்லு. நாஞ் சொன்னேன்னு சொல்லாத. இந்த மனுசன் தானாப் போகாது."

"கூப்பிட்டா வருவாரா?"

"தம்பி கூப்பிட்டா வரும்."

அப்படித்தான் அவள் நினைத்தாள். லைக்கர் வீட்டு ஆண்கள் இரண்டு பேரை, அந்தச் சனிக்கிழமையில், மேட்ச் இல்லாமல் ஒரு மேசையில் உட்கார வைக்க அதற்கு முன் யாரும் துணிந்ததில்லை.

சனிக்கிழமை பனி வந்தது. நிறைய இல்லை, உப்புத் தூவியதுபோலப் பறந்துகொண்டிருந்தது. ரோசாலியா முதல் நாளே பீன்ஸ் ஊறவைத்து, கறியை வதக்கி, சில்லிக் குழம்பை மெல்லிய தீயில் விட்டிருந்தாள். காலையில் மாவு பிசைந்து, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைத்தூளும் தடவிச் சுருட்டி, பட்டைச் சுருள் இரண்டு தட்டு சுட்டு எடுத்தாள். காரக் குழம்புக்கு அந்த இனிப்புச் சுருளைத் தொட்டுக்கொள்ளாவிட்டால் அவர்கள் வீட்டில் அது மேட்ச் நாள் சாப்பாடு ஆகாது.

"யாரு வர்றா?" என்றார் வெர்லின்.

"கில்பர்ட்டும் நோரீனும்."

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும் எதுக்கு எதுக்குன்னா? உன் தம்பி. சட்டைய மாத்து."

கில்பர்ட் பழுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வெர்லின் சாம்பல் கம்பளிச் சட்டையில் இருந்தார். அந்த நாளில் அவர்களைப் பச்சையும் சிவப்பும் இல்லாமல் ரோசாலியா பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தார்கள்.

முன்னறையில் உட்கார்ந்தார்கள். டிவியில் எங்கோ தெற்கே யாரோ இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"சோளம் நிக்குது," என்றார் கில்பர்ட்.

"நிக்குது."

"ஈரமா?"

"இல்ல, காஞ்சுதான் இருந்துச்சு. இன்னிக்கி நனையுது."

"அப்பறம் ஏண்ணே அறுக்கல?"

"அறுக்கல."

சமையலறையில் நோரீன் ரோசாலியாவைப் பார்த்தாள். ரோசாலியா குழம்பைக் கிளறினாள்.

"உங்க பசங்க எப்பிடி?" கில்பர்ட்தான் மறுபடி தொடங்கினார்.

"வியாழக்கிழமை ஆடுனானுக. ஜெயிச்சானுக."

"யார?"

"மலைப்பக்கத்துக் காலேஜு ஒண்ணு. பேரு வாயில வரல." வெர்லின் காலை மாற்றிப் போட்டார். "உங்களது?"

"இன்னிக்கி ராத்திரி. அங்க போயி."

"யாரோட?"

"கடற்கரைக்காரங்க. பச்சையும் மஞ்சளுமா போட்டுக்கிட்டு வருவானுக. கெட்டவனுகளா நல்லவனுகளான்னே தெரியல அண்ணே. திட்டுறதுக்கு ஒண்ணும் கெடைக்க மாட்டேங்குது."

இதற்கு வெர்லின் லேசாகச் சிரித்தார். ரோசாலியாவுக்கு உயிர் வந்தது. இதுதான் நேரம் என்று மேசைக்குக் கூப்பிட்டாள். மேசையில் சிலுவை போட்டுச் செபம் சொன்னார்கள். குழம்பை ஊற்றினாள். கில்பர்ட் இரண்டு கரண்டி சாப்பிட்டு, "அண்ணி, காரம் கொறைஞ்சிருச்சே" என்றார். "உங்க அண்ணனுக்கு டாக்டர் கொறைக்கச் சொல்லிருக்காரு" என்றாள். "மேட்ச்சும் கொறச்சாச்சு, மொளகாயும் கொறச்சாச்சு. இனி என்னத்துக்கு ஒக்காந்திருக்கோம்?" என்று கில்பர்ட் கேட்க, நான்கு பேரும் சிரித்தார்கள்.

மேசைக்கு அடியில் நோரீன் காலால் இடித்திருக்கவேண்டும். கில்பர்ட் கரண்டியை வைத்தார். நல்ல மனுஷன், ஆனால் எதையும் நெளிவு சுளிவாகச் செய்யத் தெரியாது.

"அண்ணே, நாளைக்கிப் பூசைக்கு எங்க ஊருக்கு வாயேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"யாரு தோத்தா?"

"யாரும் தோக்கல. மேட்ச்சே இல்லியே."

"பின்ன எதுக்கு வரணும்?"

கில்பர்ட் நோரீனைப் பார்த்தார். நோரீன் ரோசாலியாவைப் பார்த்தாள். வெர்லின் மூன்று பேரையும் பார்த்தார்.

"அம்மாவப் பாத்துட்டுப் போகலாம்ல," என்றார் கில்பர்ட்.

அந்த ஜனவரிக்குப் பிறகு அண்ணன் தம்பி வாயிலிருந்து ஒருவர் முன்னால் ஒருவருக்கு அந்தச் சொல் வந்ததில்லை. ரோசாலியா பட்டைச் சுருள் தட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள்.

"ஓ," என்றார் வெர்லின். "இப்ப நீ எனக்கு அனுமதி குடுக்கிற."

"அனுமதி இல்லண்ணே, நான்..."

"எங்கம்மாவப் பாக்க உங்கிட்ட அழைப்பு வாங்கணும். ரெண்டு பொம்பளைக போன்ல பேசி முடிவு பண்ணணும். கெழவனுக்கு இதயம் பாதிதான், சாகுறதுக்குள்ள ஒருக்காக் கூட்டிட்டுப் போயிக் காட்டிருவோம். அப்பிடித்தான?"

"வெர்லின்," என்றாள் ரோசாலியா.

"நீ சும்மா இரு. ரெண்டு நாள்ல ரோடு தொறந்துச்சுடா! ரெண்டே நாள். ஜனவரி மாசம், கோயில் பின்னாடி கொட்டாயில வச்சிருந்தா என்ன கெட்டுப்போகும்? நான் வந்திருப்பேன். தூக்கிட்டு வந்து அப்பா பக்கத்துல வச்சிருப்பேன். போயிப் பாரு அந்தக் கல்ல. பேரு வெட்டிக் கெடக்கு, தேதி இல்லாம. போறவன் வர்றவன் எல்லாம் கேக்குறான், உங்கம்மா இன்னும் இருக்காங்களான்னு!"

கில்பர்ட் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார்.

"கில்பர்ட், வேணாம்," என்றாள் நோரீன்.

"ரோடு காரணம் இல்லண்ணே."

"என்னது?"

"அம்மாதான் கேட்டா. பனிக்கு முன்னாடியே கேட்டா. 'என்னைய இங்கயே வச்சிரு கில்பர்ட். நாப்பது வருசம் அந்த மனுசன் பக்கத்துல படுத்தாச்சு, போதும்'னா. அப்பறம் பனி விழுந்துச்சு. நான் பனி மேல பழியப் போட்டுட்டேன். உங்கிட்ட இத எப்பிடிச் சொல்றது?"

"பொய்யி."

"பொய்யி நான் அப்பச் சொன்னது."

ரோசாலியா தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்கு மாமியார் இந்த வீட்டில் சாப்பிட்டது ஞாபகம் வந்தது. மாமனார் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிடுவாள். அவர் கிண்ணத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டதும் தன் வாயில் இருப்பதை முழுங்கிவிட்டு ஓடி வருவாள். கல்லில் பெயர் வெட்டின அன்று அதைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். கையுறையைக் கழற்றாமல் தொட்டாள். கில்பர்ட் சொல்வது நிஜம். வெர்லினுக்கும் அது தெரியும் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம் வந்தது.

"உங்க ஊர்க்காரனுக கூட்டணி மாறுனதுல ஆச்சரியமே இல்லடா," என்றார் எழுந்து நின்று. குரல் தணிந்திருந்தது. "பெத்தவளையே கூட்டணி மாத்துனவங்கதான நீங்க."

"மாறுனவ அவ. நான் தூக்கிட்டுப் போனவன், அவ்வளவுதான்." கில்பர்ட்டும் எழுந்தார். "முப்பது வருசமா முன்வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசுறேண்ணே, நீ பின்னாடி நிக்கிறத யாரும் பாத்துரக் கூடாதுன்னு. அதையும் கூட்டணின்னு வச்சுக்க. எந்திரி நோரீன்."

பின்கட்டில் நோரீன் கோட்டுப் பொத்தானைப் போட முடியாமல் தடுமாறினாள். ரோசாலியா பட்டைச் சுருளைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"இதையாவது எடுத்துட்டுப் போ."

"வேணாம் அக்கா. ரோட்டுல தூக்கி எறிஞ்சிருவாரு." நோரீன் ஆணியில் தொங்கிய சிவப்புத் தொப்பிகளைப் பார்த்தாள். "நீங்க கூப்பிடச் சொன்னீங்கன்னுதான் கூப்பிட்டாரு. அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நாந்தான் விடல."

"தெரியும்," என்றாள் ரோசாலியா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெர்லின் அவளுக்கு முன்னால் எழுந்து முகம் மழித்து, டை கட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குப் போகிற வழியில் பின்கட்டு ஆணியிலிருந்து மேலாக இருந்த சிவப்புத் தொப்பியை எடுத்தார். ரோசாலியா பார்த்தும் பார்க்காததுபோலக் கையுறையை மாட்டினாள். முக்குக்கு வந்ததும் வண்டி தங்கள் கோயில் பக்கம் திரும்பவில்லை. டன்மோர் ரோட்டில் ஏறியது.

இரண்டு பக்கமும் வெள்ளை. பனிக்கு மேலே கோதுமையின் பச்சை நுனி மட்டும் தெரிந்தது. ஆற்றுப் பாலத்துக்கு முன்னால், மாவட்ட எல்லைப் பலகைக்குப் பக்கத்தில், வெர்லின் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை. தொப்பி இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

"ரோஸி."

"ம்."

"போயி என்ன சொல்லிக்கிட்டு நிப்பேன் அங்க?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். எப்பவும் நிக்கிற மாதிரி நில்லு."

"எப்பவும் தோத்துட்டுல்ல நின்னேன். தோத்தவனுக்கு மொறை இருக்கு, போயித்தான் ஆகணும். ஊரே சிரிக்கும், சாமியாரு சிரிப்பாரு. நான் வந்ததுக்கு ஒரு காரணம் இருந்துச்சு. இப்ப..." ஸ்டியரிங்கைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ எங்க பக்கமே வேணாம்னு போனவ. அப்பா பக்கத்து ஆளு நான். சும்மா எப்பிடிப் போயி நிக்கிறது?"

"தொப்பி இருக்குல்ல. மாட்டிக்க."

"அது பழசு. ஜெயிச்சவன் குடுக்கணும் அத."

ரோசாலியா வழக்கம்போல மனதுக்குள் செபம் பண்ணப் பார்த்தாள். யார் தோற்கவேண்டும் என்று கேட்பது? கேட்பதற்கு ஒன்றும் இல்லை. எதிரே ஒரு மாட்டு லாரி பாலத்தைத் தாண்டி வந்து போனது. வெர்லின் அதற்காகக் காத்திருந்தவர்போல, அது போனதும் வண்டியைத் திருப்பினார்.

தங்கள் கோயிலில் பூசை பாதி முடிந்திருந்தது. உள்ளே போகாமல் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். ரோசாலியா முதல் நாள் குழம்பைச் சூடாக்கினாள். அடி பிடித்திருந்தது, மேலாக எடுத்து இரண்டு கிண்ணத்தில் ஊற்றினாள். வெர்லின் டையைக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார். சோள விலை சொன்னான், பனி நாளைக்கும் உண்டு என்றான், முந்தின ராத்திரி மேட்ச் முடிவுகளை வேகமாக வாசித்தான். வெர்லின் அதை அணைத்தார்.

"டன்மோர் தோத்துட்டானுகளாம்."

"யார்கிட்ட?"

"யாரோ. கடற்கரைக்காரனுக."

ரோசாலியா சுருளைப் பிட்டு அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஜன்னல் வழியாக நனைந்து கிடந்த வடக்குக் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவன் இன்னிக்கி எந்தக் கோயிலுக்குப் போவான்?" என்றார்.